மிளகைக் கூட்டியது யார்?

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று சமையற்கட்டுகள். ஒன்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று நாகல் நகரில், மூன்றாவது பழனி போகும் வழியில் ஒட்டன்சத்திரத்தில். எங்கே சாப்பிட்டாலும் ஒரே ருசி வர வேண்டும் என்பதற்காக மூன்று இடத்திலும் ஒரே அளவு நோட்டு. நோட்டில் பக்கத்துக்கு ஒரு பதார்த்தம், வரிக்கு ஒரு சரக்கு. மட்டன் பிரியாணிப் பக்கத்தில் சீரக சம்பா 10 கிலோ, கறி 10 கிலோ, மிளகு 100 கிராம் என்று வரி வரியாகப் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பேருந்து நிலையக் கடையில் சாப்பிட வந்தவர்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலாளி நோட்டைப் புரட்டுகிறார். மிளகு வரியில் 150 கிராம். நாகல் நகருக்குப் போன் போட்டால் அங்கேயும் 150, ஒட்டன்சத்திரத்திலும் 150. மாஸ்டர்களைக் கேட்டால், "நான் தொடலண்ணே, நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று நோட்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்பவை. யாரோ ஓர் இடத்தில் மாற்றினால் மற்ற இரண்டும் தாமாகவே மாறிவிடும்.

கணினி உலகில் இந்த நோட்டுக்கு டைரக்டரி என்று பெயர். ஓர் அலுவலகத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள், எவருக்கு என்ன கடவுச்சொல், எந்தக் குழுவில் இருப்பவர் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பக்கம் என்று நான் சொன்னது ஓர் ஆள் அல்லது ஒரு குழு. வரி என்றது அந்த ஆளின் தொலைபேசி எண், பதவி போன்ற விவரம். இதைக் கேட்டு வாங்குவதற்கான எளிய முறையை, எல்டாப் என்ற பெயரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 1993இல் வகுத்துத் தந்தார்கள். இன்று பல அலுவலகங்களில் இருப்பது மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி. லினக்ஸ் பக்கம் ஓபன்எல்டாப். ஒரே சர்வரில் நோட்டை வைத்தால் அது படுத்த அன்று ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. அதனால் இரண்டு, மூன்று, சில இடங்களில் நூற்றுக்கணக்கான சர்வர்களில் அதே நோட்டை வைக்கிறார்கள்.

விண்டோஸ் என்.டி. காலத்தில் தலைமைச் சமையற்கட்டின் நோட்டில் மட்டும்தான் எழுதலாம். மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது "மாற்றியது யார்" என்ற கேள்விக்குத் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 அந்த வழக்கத்தை மாற்றியது. எந்தச் சர்வரிலும் எழுதலாம், எழுதியது எல்லா இடத்துக்கும் போகும். வேலை சுலபமானது, தேடுவது கடினமானது.

இனி, மூன்று நோட்டுகளும் எப்படி ஒத்துப்போகின்றன என்று பார்ப்போம்.

ஒவ்வொரு சமையற்கட்டிலும் நோட்டில் எதை எழுதினாலும் ஒரு வரிசை எண் போட்டுத்தான் எழுத வேண்டும். தானே செய்த மாற்றமானாலும் சரி, அடுத்த கடையிலிருந்து பார்த்து எழுதிய மாற்றமானாலும் சரி, அடுத்த எண் விழும். ஆக்டிவ் டைரக்டரியில் இதற்கு யூ.எஸ்.என். என்று பெயர். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: இந்த எண் அந்தந்தச் சமையற்கட்டுக்கு மட்டும் சொந்தம். பேருந்து நிலையத்தில் எண் 88,000ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும், ஒட்டன்சத்திரத்தில் இப்போதுதான் 900 தாண்டியிருக்கும். பெரிய எண் புதியது, சிறிய எண் பழையது என்று இரண்டு கடைகளை ஒப்பிடவே கூடாது. வேலை அதிகமாக நடக்கும் கடையில் எண் வேகமாக ஏறும், அவ்வளவுதான்.

நாகல் நகர் மாஸ்டர் பேருந்து நிலையக் கடைக்குப் போன் போட்டு, "போன தடவை உங்ககிட்ட 88,020 வரைக்கும் வாங்கிட்டேன், அதுக்கு மேல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். 88,021 முதல் இருப்பதை மட்டும் அவர் வாசிப்பார், இவர் எழுதிக்கொள்வார். நோட்டு முழுவதையும் ஒப்பிட வேண்டியதில்லை. ஒவ்வோர் அண்டைக் கடைக்கும் எதுவரை வாங்கினோம் என்று ஓர் எண்ணை நினைவில் வைத்திருந்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று கடைகளும் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒட்டன்சத்திரத்தில் மிளகு மாறுகிறது. பேருந்து நிலையம் அதை வாங்கித் தன் நோட்டில் ஒரு புது எண் போட்டு எழுதுகிறது. நாகல் நகர் அதைப் பேருந்து நிலையத்திடம் வாங்கித் தானும் ஒரு புது எண் போடுகிறது. இப்போது ஒட்டன்சத்திரம் நாகல் நகரைக் கேட்கும்போது, நாகல் நகருக்கு அது புது எண்தானே? "மிளகு 150" என்று திருப்பிச் சொல்லும். ஒட்டன்சத்திரம் அதற்குப் புது எண் போட்டால், பேருந்து நிலையத்துக்கு மறுபடியும் போகும். ஒரு மிளகு வரி இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதைத் தடுக்க ஒவ்வொரு மாஸ்டரும் இன்னொரு சின்னப் பட்டியலும் வைத்திருக்கிறார். எந்தக் கடையில் பிறந்த மாற்றங்கள், அந்தக் கடையின் எந்த எண் வரை தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டன என்பதுதான் அந்தப் பட்டியல். யார் மூலம் வந்தது என்ற கணக்கு அதில் இல்லை. கேட்கும்போதே அதையும் வாசித்துவிடுவார்: "ஒட்டன்சத்திரத்துல பிறந்தது 921 வரைக்கும் எங்கிட்ட இருக்கு." எதிரில் இருப்பவர் அதைப் பார்த்து, தேவையில்லாததை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் சொல்வார். சுற்றல் நின்றுவிடும். இந்த ஒரு பட்டியலால்தான் நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரே நோட்டை அமைதியாகப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. இத்தனை எளிய ஏற்பாடு இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தப் பட்டியல் வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வரியும் தன் பிறப்பை மறக்கக் கூடாது. அதனால் நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு உண்டு. இந்த வரி எத்தனையாவது முறை மாறியிருக்கிறது, கடைசியாக எந்த நேரத்தில், எந்தக் கடையில், அந்தக் கடையின் எந்த எண்ணில் மாறியது என்று அது சொல்லும். பார்த்து எழுதும் கடைகள் தம் சொந்த எண்ணைத் தனியாகப் போட்டுக்கொண்டு, இந்த நான்கையும் மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். நம் முதலாளிக்கு உதவப்போவது இந்தக் குறிப்புதான். அதற்கு முன்னால் இரண்டு மூன்று விபரீதங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் மிளகையும் இன்னொருவர் தயிரையும் மாற்றினால் சிக்கலே இல்லை, இரண்டும் நிற்கும். கணக்கு வரிக்கு வரி. ஒரே மிளகு வரியை இருவர் மாற்றினால்தான் தகராறு. கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்டிவ் டைரக்டரி முதலில் பார்ப்பது நேரத்தை அல்ல, எத்தனையாவது மாற்றம் என்பதை. வேறொரு நாளில் இப்படி நடந்ததாக வையுங்கள்: நாகல் நகர் மாஸ்டர் காலையில் 100ஐ 120 ஆக்கி, மனம் மாறி 110 ஆக்கினார், இரண்டு மாற்றம். ஒட்டன்சத்திரம் மாஸ்டர், அது தெரியாமல், மதியம் ஒரே தடவையாக 100ஐ 150 ஆக்கினார். மதியம் எழுதியது பிந்தியது என்றாலும் தோற்றுவிடும். 110தான் எல்லா நோட்டிலும் நிற்கும். மாற்றங்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் நேரம் பார்க்கப்படும். அதுவும் ஒரே நொடியாக இருந்தால், சர்வர்களின் அடையாள எண்ணில் எது பெரியதோ அது. கடைசி விதி நியாயமானது என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கடைகளும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்துவிடும், அதுதான் தேவை. ஓபன்எல்டாப் வேறு வழியில் போகிறது. அது ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரத்தையும் சர்வர் எண்ணையும் சேர்த்துக் கோத்த முத்திரை ஒன்றைக் குத்தி, அந்த முத்திரையில் பிந்தியதை ஏற்கும். அங்கே ஒரு கடையின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால் அந்தக் கடை எழுதியதே ஜெயித்துக்கொண்டிருக்கும். கடிகாரத்தைச் சரியாக வைப்பது அங்கே ருசியோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது நீக்கம். காடை பிரியாணி இனி கிடையாது என்று முடிவாகிறது. பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கூடாது. இல்லாத பக்கத்தைப் பற்றி அடுத்த கடைக்கு எப்படிச் சொல்வது? அதனால் பக்கத்தைக் கிழித்து, அடிக்கட்டையை மட்டும் விட்டு, "நீக்கப்பட்டது" என்று எழுதி எண் போட வேண்டும். அந்த அடிக்கட்டையும் மற்ற மாற்றங்களைப் போலவே ஊர் ஊராகப் போகும். கல்லறைக்கல் என்ற பொருளில் டூம்ஸ்டோன் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காலம் முழுவதும் வைத்திருக்க முடியாதல்லவா? ஆக்டிவ் டைரக்டரியில் முதலில் 60 நாள் வைத்திருந்தார்கள். விண்டோஸ் சர்வர் 2003இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து, புதிதாக அமைக்கும் இடங்களில் 180 நாள். இப்போது ஒட்டன்சத்திரம் கடையைக் கூரை வேலைக்காக ஏழு மாதம் பூட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். திறக்கும்போது அங்கே காடை பிரியாணிப் பக்கம் முழுசாக இருக்கும். மற்ற இரண்டு கடையிலும் அடிக்கட்டைகூடக் கிடையாது. யாராவது அந்தப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால், கண்டிப்பான கடைகள் "எங்களிடம் இல்லாத பக்கத்தில் என்ன மாற்றம்?" என்று ஒட்டன்சத்திரத்திடம் வாங்குவதையே நிறுத்திவிடும். கண்டிப்பில்லாத கடைகள் முழுப் பக்கத்தையும் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளும். காடை பிரியாணி உயிர்த்தெழுந்துவிடும். பிரியாணியானால் பரவாயில்லை. வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கு இப்படி உயிர்பெற்றால் அது வேறு விஷயம். நீண்ட நாள் அணைத்து வைத்த சர்வரைத் தூசி தட்டித் திரும்பவும் வலையில் மாட்டுவதை நான் எங்கே பார்த்தாலும் தடுப்பேன்.

இதைவிட மோசமானது பழைய ஜெராக்ஸ். ஒட்டன்சத்திரம் நோட்டில் எண்ணெய் கொட்டிவிட்டது. போன வாரம் எடுத்த ஜெராக்ஸ் இருக்கிறது, அதில் எண் 880 வரை. மாஸ்டர் அதையே நோட்டாக வைத்துக்கொண்டு 881, 882 என்று எழுதத் தொடங்குகிறார். மற்ற கடைகளின் பட்டியலில் "ஒட்டன்சத்திரத்தில் பிறந்தது 921 வரை வந்துவிட்டது" என்று இருக்கிறது. ஆகவே அவர் புதிதாக எழுதும் 881 முதல் 921 வரையிலான மாற்றங்களை அவர்கள் கேட்கவே மாட்டார்கள். சத்தமே இல்லாமல் நோட்டுகள் பிரிந்துவிடும். மெய்நிகர் சர்வர்கள் வந்த காலத்தில், ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுத்து வைத்து அதற்கே திரும்பிப் போவது ஒரு சொடுக்கில் முடிந்ததால், இந்த விபத்து சகஜமாகிவிட்டது. முறைப்படி மீட்டெடுத்தால் நோட்டுக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். புது நோட்டின் 881ஐ எல்லாரும் புதியதாகவே எடுத்துக்கொள்வார்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல், தான் பழைய ஜெராக்ஸிலிருந்து எழுந்திருக்கிறோம் என்பதைச் சர்வர் தானே கண்டுகொண்டு பெயரை மாற்றிக்கொள்ளும், மெய்நிகர் மேடையும் அதற்கு ஒத்துழைத்தால்.

இப்போது முதலாளியின் கேள்விக்கு வருவோம். மிளகு வரியின் குறிப்பைப் பார்க்கிறார். மூன்றாவது மாற்றம், வியாழன் மாலை 6.10, பிறந்த இடம் ஒட்டன்சத்திரம், அங்கே எண் 921. ஆக்டிவ் டைரக்டரியில் இதைக் காட்ட ரெப்அட்மின் என்ற கருவி இருக்கிறது. குழுக்களைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பு இன்னும் நுணுக்கமானது. விண்டோஸ் சர்வர் 2003 முதல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பு உண்டு. நீக்கப்பட்டவரின் குறிப்புகூட 180 நாளோ என்ன கணக்கோ அதுவரை, "இல்லை" என்ற அடையாளத்தோடு அங்கேயே கிடக்கும்.

ஆனால் குறிப்பில் ஆளின் பெயர் இல்லை. எங்கே, எப்போது என்பது நோட்டோடு பயணம் செய்கிறது. யார் என்பது பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு சமையற்கட்டின் வாசலிலும் ஒரு தினப்பதிவு இருக்கிறது. யார் எப்போது உள்ளே வந்தார், எந்தப் பக்கத்தில் கை வைத்தார் என்பதை அதில் எழுதுகிறார்கள். விண்டோஸில் இது பாதுகாப்புப் பதிவேடு. ஒரு குழுவிலிருந்து ஆளை நீக்கினால் 4729 போன்ற எண்ணோடு, நீக்கியவர் பெயரோடு பதிவாகும். இந்தத் தினப்பதிவை எந்தச் சமையற்கட்டும் அடுத்ததற்கு அனுப்புவதில்லை. மாற்றம் எங்கே பிறந்ததோ அங்கே மட்டும்தான் கிடக்கும். பேருந்து நிலையத்தின் தினப்பதிவை நாள் முழுவதும் புரட்டினாலும் மிளகைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். நான் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நூற்பாலையில் திண்டுக்கல் அலுவலகத்தில் இரண்டு சர்வர், வேடசந்தூர் ஆலையில் ஒன்று. பஞ்சுக் கொள்முதல் குழுவிலிருந்து ஓர் எழுத்தரின் பெயர் போய்விட்டது. அவர் வந்து, "சார், நேத்து வரைக்கும் தொறந்துச்சு" என்றார். தன்னை யாரோ வேண்டுமென்றே வெளியேற்றிவிட்டதாக அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. என் மேசைக்கு அருகில் இருந்த சர்வரின் பதிவேட்டை அரை நாள் சலித்தேன், எதுவுமில்லை. பிறகுதான் அந்தக் குறிப்பைப் பார்க்கத் தோன்றியது. பிறந்த இடம் வேடசந்தூர். அங்கே போய்த் திறந்தால், பதிவேட்டுக்குக் கொடுத்திருந்த இடம் சிறியது. பழையது அழிந்து அதன்மேல் புதியது எழுதப்பட்டிருந்தது. எனக்கு வேண்டிய நேரம் அதில் இல்லை. செய்தது யார் என்று அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பெயரைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தேன். அவருடைய சந்தேகத்தை எடுக்க முடியவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

தினப்பதிவுகளை ஒவ்வொரு வாசலிலிருந்தும் அன்றாடம் திரட்டி ஓரிடத்தில் சேர்ப்பது ஒன்றே வழி. இந்தத் தேவையை நம்பி உலகெங்கும் விற்கும் மென்பொருள்களில் ஒன்று நம் மாநிலத்தில் பிறந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், மேனேஜ்எஞ்சின் என்ற பிரிவில் ஏடிஆடிட் பிளஸ் என்ற ஒன்றைத் தருகிறது. எல்லாச் சர்வர்களின் பதிவேடுகளையும் இழுத்துவந்து, யார், எப்போது, எங்கிருந்து, எதை எதாக மாற்றினார் என்று ஒரே திரையில் காட்டும். அந்த மென்பொருள்தான் வேண்டும் என்பதில்லை. விண்டோஸிலேயே பதிவேடுகளைத் திரட்டும் வசதி இருக்கிறது. எதுவானாலும் முன்கூட்டியே முடுக்கி வைத்திருக்க வேண்டும். வரிக்கு வரி பழைய அளவும் புது அளவும் எழுத வேண்டும் என்று தினப்பதிவுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தால்தான் எழுதுவார். மாற்றம் நடந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ஓபன்எல்டாப்பில் கடைசியாகக் கை வைத்தவரின் பெயர் பக்கத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது, அது ஒரு வசதி. ஆனால் அடுத்தவர் கை வைத்ததும் முந்தியவர் பெயர் மறைந்துவிடும். முழு வரலாறு வேண்டுமானால் அங்கேயும் தனிப் பதிவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பயணம் செய்யாத இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் கடைசியாக எப்போது உள்நுழைந்தார் என்ற கணக்கு. லாஸ்ட்லாகான் என்ற அந்த வரி ஒவ்வொரு சமையற்கட்டுக்கும் தனித்தனி. ஒரு சர்வரை மட்டும் பார்த்து, "இவர் ஆறு மாதமாக வரவே இல்லை" என்று கணக்கை மூடினால், அடுத்த சர்வரில் இன்று காலைகூட நுழைந்திருப்பார். எல்லாச் சர்வர்களையும் கேட்டு, பிந்தியதை எடுக்க வேண்டும். பயணம் செய்யும் வேறொரு வரி உண்டு, ஆனால் அது இரண்டு வாரம் வரை பின்தங்கி நிற்கும்.

முதலாளி பழனி பேருந்தைப் பிடித்து ஒட்டன்சத்திரத்தில் இறங்குகிறார். வாசலில் தினப்பதிவு இருக்கிறது. வியாழன் 6.10க்கு நேராக, மட்டன் பிரியாணி, மிளகு, 100 அடித்து 150, துணை மாஸ்டரின் கையெழுத்து. மாஸ்டர் அன்று விடுப்பு. அவர் சொன்னது பொய்யில்லை. துணை மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

"புது மூட்டை மொளகுல காரமே இல்லண்ணே. அதான் கூட்டினேன்."

அந்த மூட்டை ஒட்டன்சத்திரத்துக்கு மட்டும் வந்தது. பேருந்து நிலையத்திலும் நாகல் நகரிலும் பழைய மிளகையே 150 கிராம் போட்டு தம் வைத்திருந்தார்கள்.